அண்ணி வூட்டாண்ட

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் குப்பத்தைக் கடல் வாரிக்கொண்டு போன பிறகு மாதா கோயில் கூடத்தில் பாயைப் போட்டுக் கிடந்தோமே, அந்த ஏழெட்டு மாதங்களுக்காக நான் ஏங்குகிற மாதிரி என் வாழ்க்கையில் வேறு எதற்கும் ஏங்கியதில்லை. வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். எத்தனை பேர் செத்தார்கள், உனக்கு அது சந்தோஷமா என்று கேட்பார்கள். சந்தோஷம் இல்லை. ஆனாலும் மனசு அங்கேதான் போய் நிற்கிறது, அதை என்ன செய்ய?

இப்போது நான் இருப்பது கூடுவாஞ்சேரியில், மூன்றாவது மாடியில். வேலை நாவலூரில். எதிர் ஃபிளாட்டில் ஒரு நாய் இருக்கிறது என்பது குரைப்பதை வைத்துத் தெரியும். நாயை வளர்ப்பவர் யார் என்று நான்கு வருஷமாகத் தெரியாது. லிஃப்டில் சந்தித்தால் ஆளுக்கொரு செல்போனைப் பார்த்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். என் ஆபீஸில் வருஷத்துக்கு ஒருநாள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி மூன்று விஷயம் சொல்லச் சொல்வார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். பக்கத்தில் இருப்பவரைத் தெரிந்துகொள்வது அவ்வளவு சுலபமான காரியமா?

எங்கள் குப்பம் கோவளத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் இருந்தது. அம்மா மீன்காரி. விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, பஸ் ஏறி கேளம்பாக்கம், நாவலூர் என்று போய் விற்றுவிட்டு வருவாள். விற்காத மீன் வீட்டுக்கு வராது, நேராகப் பக்கத்து வீட்டு உப்புத் தொட்டிக்குப் போகும். பக்கத்து வீட்டு அத்தை கருவாடு போடுகிறவள். மீன் காத்திருக்காது இல்லையா, அதனால் இரண்டு வீடும் ஒட்டியே இருந்தாக வேண்டும். அம்மா அவளை அண்ணி என்பாள், அவள் அம்மாவை நாத்தனா என்பாள். ரத்தச் சொந்தம் எதுவும் கிடையாது, சுவர்ச் சொந்தம்தான். அத்தைக்குக் குழந்தை இல்லை. நான் அம்மாவுக்கு ஒரே பெண். எந்த வீட்டில் குழம்பு வாசனை தூக்கலாக இருக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே சுருண்டு படுத்துவிடுவேன். என்னை யாரும் தேட மாட்டார்கள். இந்த வீட்டில் இல்லையென்றால் அந்த வீடு.

அலை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அம்மாவும் அத்தையும் நானும் ரோட்டோரம் தண்ணி லாரிக்காகக் குடத்தோடு நின்றிருந்தோம், அதனால் பிழைத்தோம். மாமா, அதாவது அத்தையின் புருஷன், கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் கிடைத்தார். என் அப்பாவின் காலில் படகு ஏறிவிட்டது. அவரைச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான் சொல்லப் போகிறேன். அந்த நாளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மேட்டில் இருந்த மாதா கோயில்காரர்கள் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது. கூடத்தின் ஒரு மூலையில் வைக்கோல் வேய்ந்த குடில் அப்படியே இருந்தது. களிமண் மாடு, கழுதை, ஆடு, நடுவில் குழந்தை. பண்டிகை முடிந்ததும் கலைத்துவிடுவது வழக்கமாம். நாங்கள் பிள்ளைகள் நாள் முழுக்க அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எங்களைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் கலைக்க விடவில்லை. ஈஸ்டர் வந்தது, போனது. குடில் மட்டும் போகவே இல்லை. ஃபாதர் அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

கூடத்தில் ஒரு அதிசயம் நடந்தது. பாய் போடும்போது யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் முதல் வாரம் முடிவதற்குள், குப்பத்தில் வீடுகள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் பாய்கள் வந்துவிட்டன. வடக்குச் சுவரோரம் எங்கள் தெரு. ஜன்னல் பக்கம் மேட்டுத் தெரு. நடுவில் நடக்க விட்ட சந்துதான் எங்கள் சந்து. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டவர்களின் இடத்தில் ஒரு பாய் அகலம் காலியாக விட்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அங்கே பாய் போடலாமே என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் போடவில்லை.

அந்தக் கூடத்தில் எனக்குச் சுவரே இல்லாமல் போய்விட்டது. அம்மாவின் பாய், அத்தையின் பாய், நடுவில் நான். பகலில் தெருவுக்கு ஒரு நாள் சமையல் முறை. மீன் மட்டும் கிடையாது. வாரக் கணக்கில் யாரும் மீனைத் தொடவில்லை. கடல் எதைத் தின்றதோ அதைத் தின்ற மீன் என்று ஒரு எண்ணம். வேலையில்லாமல் அத்தையின் கைகள் சும்மா கிடந்தன. அவள் என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேன் பார்ப்பாள். பேன் இல்லாத தலையிலும் பார்ப்பாள். பிறகு மறுபடி பின்னுவாள், மறுபடி அவிழ்ப்பாள். என் தலைமயிர் அப்போது போல் எப்போதும் வழுவழுப்பாக இருந்ததில்லை.

மதம் மாற்றிவிட்டார்களா என்று இப்போதும் சிலர் என்னைக் கேட்பதுண்டு. காலையில் அவர்கள் ஜெபம் சொல்வார்கள், எங்கள் ஆட்கள் அதே நேரத்தில் திருநீறு பூசுவார்கள், இரண்டும் முடிந்து எல்லாரும் ஒரே அண்டாவில் கஞ்சி குடிப்போம். அங்கே மாறியது ஒரே ஒரு வார்த்தைதான். அதுவும் எங்கள் பக்கத்தில் இல்லை, சிஸ்டர் பக்கத்தில்.

சிஸ்டருக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். அவர் பேசுவதை வாய் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாங்கள் பேசுவது அவருக்குச் சண்டை போடுவது போல் கேட்டிருக்கும். கோயில்காரர்கள் ரோட்டுக்கு மேற்கே நிலம் வாங்கி எங்களுக்கு வீடு கட்டித் தருவதாக முடிவானபோது, அவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு பாய் பாயாக வந்து உட்கார்ந்து கணக்கெடுத்தார். எங்கள் பாய்க்கு வந்தார். வீட்டு ஆம்பளை எங்கே என்று கேட்டார். அம்மா, "செங்கல்பட்டுல கீறாரு" என்றாள். ஆஸ்பத்திரியில் என்று சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்குச் சொல்வது? வீட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அம்மா அத்தையைக் கை காட்டி, "எங்க குடுத்தாலும் சரி சிஸ்டர். அண்ணி வூட்டாண்ட. அது போதும்" என்றாள்.

எங்கள் பக்கம் 'ஆண்ட' என்றால் அருகில். ஸ்கூலாண்ட, பஸ் ஸ்டாண்டாண்ட, என்னாண்ட, உன்னாண்ட. நாகர்கோவிலில் ஆண்டது என்றால் ராஜா ஆண்டதுதான். அண்ணிதான் வீட்டை ஆண்டவள் என்று அம்மா சொல்வதாக சிஸ்டர் புரிந்துகொண்டார். செங்கல்பட்டில் கீறாரு என்றால் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு அங்கே போய்விட்டார் போலிருக்கிறது, பாவம், இதற்கு மேல் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரே சட்டியில் சாப்பிடுவதைத் தினமும் பார்க்கிறாரே. எழுதிவிட்டார்: குடும்பத் தலைவி, அத்தை. உறுப்பினர்கள், அம்மாவும் நானும். மொத்தம் ஒரு வீடு.

அப்பா ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம்தான் பட்டியலைக் கூடத்துக் கதவில் ஒட்டினார்கள். அவர் மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தார். தன் பெயரைக் காணோம். பெண்டாட்டி பெயர் வேறு வீட்டில் இருக்கிறது. ஊர் சிரித்தது. கூட்டாளிகள் அவரைப் பார்க்கும்போதெல்லாம், செங்கல்பட்டில் சின்ன வீடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அப்பா ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு துரத்துவார். அதில்தான் அவருக்கு நடையே பழகியது. சிஸ்டர் முகம் சிவந்து, கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருத்தி எழுத உட்கார்ந்தார். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

திருத்தினால் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. அத்தைக்கு இல்லை. வீட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் போட்ட விதி, வீடு குடும்பத்துக்குத்தான். ஒற்றை ஆள் குடும்பம் ஆகாது. தனியாக இருப்பவர்களைச் சொந்தக்காரர்களோடு சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் கோயில்காரர்கள் நடத்துகிற இல்லத்தில் இடம் தருவார்கள். சேதி தெரிந்து, பழவேற்காட்டிலிருந்து அத்தையின் தம்பி வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான். அக்காவுக்கு ஒரு வேளைச் சோறு போட மாட்டேனா என்று கேட்டார். அத்தை இரண்டு புடவையை மடித்து ஒரு பையில் வைத்தாள். அம்மா அந்தப் பையைப் பார்க்காமல் அரிசி பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பொறுக்கி முடித்த அரிசியையே மறுபடியும் பொறுக்கினாள்.

எனக்கு அப்போது பதினொரு வயசு. அத்தை போய்விடுவாள் என்பது புரிந்தது, அதற்கு மேல் எதுவும் புரியவில்லை. அவள் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் குடிலுக்குள், களிமண் குழந்தையின் காலடி வைக்கோலில் புதைத்து வைத்தேன். ஒற்றைச் செருப்போடு யாரும் பழவேற்காடு போக முடியாது என்று என் கணக்கு.

தம்பி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். கூடமே செருப்பைத் தேடியது. சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். குழந்தை ஏசுவின் காலடியிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவர், என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. என்னையும் அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இவ எந்த வீட்டுல சாப்பிடுவா?"

"பாதி நாளு இங்க. பாதி நாளு அண்ணி வூட்ல" என்றாள் அம்மா.

படுக்கை, படிப்பு எல்லாமும் அப்படித்தானா என்று கேட்டார். அப்படித்தான் என்றாள் அம்மா. சிஸ்டர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு காகிதக் கட்டைப் பிரித்தார். பிறகு அவர் சொன்னது இது: அத்தையோடு இன்னொரு பெயர் இருந்தால் போதும், அது குடும்பமாகிவிடும். இந்தப் பெண்ணின் பெயரை அத்தையின் காகிதத்திலேயே விட்டுவைத்தால் அவளுக்கும் ஒரு வீடு கிடைக்கும், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. பாதி நாள் அங்கேதான் இருக்கிறாள் என்பதால் எழுதுவது பொய்யாகாது. ஆனால் எழுதிவிட்டால் ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கமே போகும். பெற்றவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான்.

அப்பா ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இருப்பது ஒரு பிள்ளை. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதுவதைத் தவிர வேறு எழுதத் தெரியாது. அதை எழுதினாள்.

"எழுதிகோ சிஸ்டர். பேருதான. புள்ள எங்கயும் பூடாது" என்றாள். எழுந்து வெளியே போனாள்.

அத்தையை யாரும் கேட்கவே இல்லை. தம்பி தனியாக பஸ் ஏறினார். அவள் பையிலிருந்து இரண்டு புடவையையும் எடுத்துப் பழையபடி கொடியில் போட்டாள்.

மறுநாள் சிஸ்டர் பட்டியலைக் கதவிலிருந்து கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். புதுக் காகிதத்தில் தன் கையாலேயே கோடு இழுத்து ஒரு கட்டம் சேர்த்திருந்தார். அதன் தலைப்பு 'யாராண்ட'. பாய் பாயாகப் போய், நாகர்கோவில் இழுவையில், "நீங்க யாராண்ட?" என்று கேட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் சரியாகப் பதில் சொன்னார்கள். ஒரு கிழவர் தன் பக்கத்து வீட்டுக்காரன் பெயரைச் சொன்னார். அந்த மனுஷன் அலையில் போயிருந்தான். சிஸ்டர் அந்தப் பெயரை அப்படியே எழுதிக்கொண்டார். கிழவர் வீடு, செத்தவனின் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. குலுக்கல் போட்டுக் கொடுத்த வேறு இடங்களில் ஜனங்கள் ஒருவர் முகம் ஒருவர் தெரியாமல் கிடந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் காலனி கூடத்துப் பாய் வரிசையிலேயே எழுந்தது.

வீடுகள் கட்டி முடிந்து நாங்கள் குடிபோன அன்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அழுகை. மறுபடியும் சுவர் வந்துவிட்டதே. சிஸ்டரை அடுத்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு அப்போது இல்லை. இப்போது கேட்க ஆளில்லை.

அம்மா மறுபடி அன்னக்கூடையைத் தூக்கினாள். அத்தை மறுபடி உப்புத் தொட்டி கட்டினாள். காகிதத்தில் நான் அத்தையின் பெண். ரேஷன் கடையில் அவள் பெயருக்குக் கீழே என் பெயர். நான் உள்ளுக்குள் ஒன்றை எதிர்பார்க்க ஆரம்பித்தேன். என்னை யாரிடமாவது காட்டி, ஒரே ஒரு தடவை, இவள் என் பெண் என்று சொல்ல மாட்டாளா? சொல்லவே இல்லை. கருவாடு வாங்க வருகிறவர்கள், இது யார் என்று கேட்டால், "நாத்தனா பொண்ணு" என்பாள். பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் அதே. என் கல்யாணத்தில் அம்மா அவளை மேடைக்கு இழுத்தாள். அவள் கையை உதறிக்கொண்டு பந்தி பரிமாறப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம். என்னைப் பெயருக்குத்தான் வைத்திருக்கிறாள், வீட்டுக்காகத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஹாஸ்டலிலிருந்தும் வேலையிலிருந்தும் லீவுக்கு வந்தபோது வேண்டுமென்றே அம்மா வீட்டில் மட்டும் படுத்தேன். ஆனாலும் அத்தை காலையில் ஊறப்போட்ட நெத்திலிக் கருவாட்டைக் குழம்பு வைத்துச் சுவருக்கு மேலே நீட்டுவாள். நான் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது அந்தக் கிண்ணம் நீண்ட கையை நினைத்தால் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

போன வருஷம் அத்தைக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிவிட்டது. நான்தான் செங்கல்பட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நர்ஸ் சீட்டு எழுதும்போது உறவு என்ன என்று கேட்டார். மகள் என்றேன். அத்தை கண்ணைத் திறந்தாள்.

"பொய் எழுதாதம்மா. எனக்குப் புள்ள கெடயாது. இவ நாத்தனா பொண்ணு."

நர்ஸ் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அதை அடித்து, உறவினர் என்று எழுதினார். நான் வராந்தாவுக்கு வந்து, கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். முப்பது வயசு தாண்டியவள், சம்பளம் வாங்குகிறவள், ஒரு வார்த்தைக்காக அப்படி அழுதேன். போனில் அம்மாவிடம் சொன்னேன். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, வியாபாரத்தை விட்டுவிட்டு, திருப்போரூரில் பஸ் மாறி அம்மா வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னா அண்ணி, குடுத்தத திருப்பிக் குடுக்கறியா? நான் கேட்டனா உன்ன?"

அத்தை மேல்மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். "ஒத்தப் புள்ள நாத்தனா. அன்னிக்குக் கையெழுத்து போட்டுட்டு, நீ கொழாயாண்ட போயி அழுத. நான் பாத்துகினு இருந்தேன்."

எனக்கு அது தெரியாது. அம்மா வெளியே போனது மட்டும்தான் தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாக, அத்தை என்னை யாரிடமும் தன் பெண் என்று சொல்லாததற்கு அந்தக் குழாயடிதான் காரணம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அழுதேன்" என்றாள் அம்மா. "அழுதா குடுக்கலன்னு ஆயிடுமா?"

பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, சீட்டில் மகள் என்று எழுதச் சொன்னாள். எத்தனை தடவைதான் மாற்றுவீர்கள் என்று நர்ஸ் சலித்துக்கொண்டார். ஆனாலும் எழுதினார்.

மத்தியானம் நான் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது, பக்கத்துக் கட்டில் அம்மாள் அத்தையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பெண் யார் என்று கேட்டார். நான் கதவருகே நின்றுவிட்டேன்.

"எம் பொண்ணு" என்றாள் அத்தை.

சாயங்காலமே அவளுக்குப் பேச்சு குளறத் தொடங்கிவிட்டது. இன்னொரு தடவை சொல்லிவிட மாட்டாளா என்று, அவள் போகிற வரைக்கும் பத்து நாள், வாயையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.